பைத்தானில் டெஸ்க்டாப் மென்பொருள்: டூல்கிட் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் லேப்டாப்பைத் திறந்து காட்டினான். உபுண்டு லினக்ஸில் கஸ்டம்டிகிண்டர் கொண்டு கட்டிய திரை. ஜன்னல், பட்டன், கட்டம் ஆகியவற்றை வரைந்து தரும் தொகுப்பைத்தான் டூல்கிட் என்கிறோம். கஸ்டம்டிகிண்டர், பைத்தானோடு வரும் டிகிண்டர் டூல்கிட்டின் மேல் நிற்பது. வண்ணம், பட்டன், இடைவெளி எல்லாம் நன்றாக வந்திருந்தது. ஆனால் முதல் கட்டத்தின் மேல் "பயெர்" என்று இருந்தது. பெயர் என்பதைத்தான் அப்படிக் காட்டியது. அதற்குக் கீழே செலவு என்பது "சலெவு" ஆகியிருந்தது.

"அண்ணா, எழுத்தை மாத்திப் போடுற மாதிரி சின்னதா ஒரு ஃபங்ஷன் எழுதிட்டேன். இப்ப சரியா வருது பாருங்க" என்றான்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. அதே ஃபங்ஷனை நானும் எழுதியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை அவனுக்குத் தெரியாது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். இன்டென்டேஷன் பிழை, லைப்ரரியை நிறுவ மறப்பது போன்றவற்றை எல்லோரும் ஒரு நாளில் கற்றுக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆங்கில டெமோவைப் பார்த்து முடிவெடுப்பது

2019-இல் ஒட்டன்சத்திரம் பக்கம் ஓர் உரக்கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுத ஒப்புக்கொண்டேன். கடைக்காரர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். "தம்பி, எல்லாம் தமிழ்ல இருக்கணும். கணக்கு எழுதுற பொண்ணுக்கு அதுதான் வசதி." சரி என்று தலையாட்டிவிட்டு வந்து கிவி என்ற டூல்கிட்டைத் தேர்ந்தெடுத்தேன். அதன் டெமோக்கள் பளிச்சென்று இருந்தன, அவ்வளவுதான் காரணம். மூன்று வாரம் ஆங்கிலத்திலேயே திரைகளைக் கட்டினேன். கடைசியில் லேபிள்களைத் தமிழுக்கு மாற்றியபோதுதான் எல்லாம் உடைந்தது.

ஏன் உடைந்தது என்பதை அப்போது நான் நிதானமாகப் படித்திருக்க வேண்டும். யூனிகோடில் "கொடு" என்பது நான்கு குறியீடுகள்: க, ொ, ட, ு. பைத்தானில் நீளத்தைச் சொல்லும் லென் போட்டால் 4 என்றே வரும். திரையில் வரைய வேண்டிய வரிசையோ வேறு. முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால், கடைசியில் டு. சேமித்த வரிசையை வரையும் வரிசையாக மாற்றுவதற்கு ஒரு தனி எந்திரம் வேண்டும். ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி அந்த வேலையைச் செய்கிறது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் சொந்த எந்திரங்கள் உண்டு. அந்த எந்திரத்திடம் போகாமல் குறியீடுகளை ஒவ்வொன்றாக வரையும் டூல்கிட்டில், கொம்பு அடுத்த எழுத்தின் முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது நான் நிறுவியிருந்த கிவி அப்படித்தான் வரைந்தது.

நான் என்ன செய்தேன்? டூல்கிட்டை மாற்ற மனம் வரவில்லை. மூன்று வார வேலை ஆயிற்றே. ெ, ே, ை வரும் இடத்திலெல்லாம் கொம்பை முன்னால் தள்ளும் ஃபங்ஷன் ஒன்றை எழுதினேன். ஒ, ஓ வரிசைக்கு அதையே இரண்டாகப் பிரித்தேன். இருபது வரிதான். திரை சரியாகத் தெரிந்தது. தட்டச்சு செய்யும் கட்டத்திலும் தமிழ் உடைந்து தெரிந்ததால், கட்டத்தை விட்டு வெளியே வந்ததும் அதே ஃபங்ஷன் ஓடும்படி செய்தேன். அங்கேதான் தவறு முற்றியது. மாற்றிப்போட்ட எழுத்து அப்படியே, கணக்குகளைச் சேமிக்கும் எஸ்கியூலைட் கோப்புக்குள் போனது.

இரண்டு மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் பட்டியலில் தனலெட்சுமி என்று ஒரு கணக்கு இருந்தது. முதல் முறை சேமித்தபோது கோப்பில் அது "தனெலட்சுமி" ஆனது. போன் நம்பரை மாற்றுவதற்காகத் திறந்து மறுபடி சேமித்தபோது "தெனலட்சுமி" ஆனது. ஒவ்வொரு சேமிப்புக்கும் கொம்பு ஓர் எழுத்து இடப்பக்கம் நகர்ந்தது. கணக்கு எழுதிய பெண் தான்தான் தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்துத் திருத்துவார். திருத்தியதைச் சேமிக்கும்போது அது மறுபடி நகரும்.

அதைவிட மோசம் தேடல். தேடும் கட்டத்தில் அந்த ஃபங்ஷன் இல்லை. "பெருமாள்" என்று தேடினால் கோப்பில் அந்த வரிசையில் எதுவும் கிடையாது. ஆள் இல்லை என்று திரை சொன்னதும் அவர் புதுக் கணக்கு திறந்துவிடுவார். உரக்கடை வியாபாரம் பாதிக்கு மேல் கடனில் ஓடுவது. விதைப்பின்போது வாங்கிய மூட்டைகள் ஒரு கணக்கில், அறுவடைக்குப் பின் கட்டிய பணம் இன்னொரு கணக்கில். பணம் கட்டிய விவசாயியிடம் மறுபடி பாக்கி கேட்டார்கள். அவர் நாலு பேர் முன்னால் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். அவர் கையில் ரசீது இருந்தது, என் மென்பொருளில் பாக்கி இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

திருப்பி மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. "தெனலட்சுமி" என்பதும் யூனிகோடில் முறையான எழுத்துகள்தான். ஒருமுறை நகர்ந்ததா, இரண்டு முறையா, அல்லது அந்த ஆளின் பெயரே அப்படியா என்று ஸ்கிரிப்ட்டுக்கு எப்படித் தெரியும்? பழைய பில் புத்தகங்களை வைத்துக்கொண்டு ஆயிரத்துச் சொச்சம் பெயர்களைக் கையால் சரிபார்த்தேன். கடையை மூடிய பிறகு, பதினொரு இரவுகள். அப்புறம் முழு நிரலையும் பைசைடு2 என்ற டூல்கிட்டுக்கு மாற்றி எழுதினேன். அதற்குப் பணம் கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்கவும் இல்லை.

எங்கள் பையன் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. டிகிண்டர், அதன் அடியில் இருக்கும் டிகே 8.6 காரணமாக, லினக்ஸில்தான் தமிழை உடைக்கும். விண்டோஸில் அது விண்டோஸின் எழுத்து எந்திரத்தையே பயன்படுத்துவதால் சரியாக வரும். அதாவது அவன் எழுதிய "திருத்தம்" அவன் லேப்டாப்பில் மட்டும் வேலை செய்து, வாடிக்கையாளரின் விண்டோஸில் நல்ல தமிழை உடைக்கும். ஓட்டிக் காட்டினேன். புள்ளியிட்ட வட்டத்தின் பக்கத்தில் கொம்பு தனியாக நின்றது.

டூல்கிட்டை முடிவு செய்யும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரே ஒரு ஜன்னல் கட்டுங்கள். அதில் ஒரு லேபிள், ஒரு தட்டச்சுக் கட்டம், ஓர் அட்டவணை, ஒரு பிரிண்ட் பட்டன். "கொடுக்கல் வாங்கல், செலவு, ஸ்ரீ, லக்ஷ்மி, ஔவை" என்று எல்லாவற்றிலும் போடுங்கள். கட்டத்துக்குள் கர்சரை நகர்த்துங்கள், நடுவில் பேக்ஸ்பேஸ் அடியுங்கள். க்யூட்டி என்ற டூல்கிட்டுக்குள் ஹார்ஃப்பஸ் இருப்பதால், அதைப் பைத்தானில் பயன்படுத்தத் தரும் பைசைடும் பைக்யூட்டியும் தேறும். ஜிடிகே என்ற டூல்கிட், பாங்கோ என்ற எழுத்து லைப்ரரி மூலம் வரைவதால் தேறும். டபிள்யூஎக்ஸ்பைத்தான் அந்தந்த இயங்குதளத்தின் சொந்தக் கட்டங்களையே பயன்படுத்துவதால் தேறும்.

பிரிண்ட் பட்டனை நான் சும்மா சேர்க்கவில்லை. பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டருக்கு எழுத்தாக அனுப்பினால், அதன் உள்ளே இருக்கும் எழுத்துருவைத்தான் அச்சிடும். கடைகளில் நான் பார்த்த எந்தப் பிரிண்டரிலும் தமிழ் இல்லை. பில்லையே படமாக வரைந்து, கறுப்பு வெள்ளையாக மாற்றி அனுப்ப வேண்டும். வழக்கமான 80 மில்லிமீட்டர் பிரிண்டருக்கு அகலம் 576 புள்ளி, 58 மில்லிமீட்டருக்கு 384. க்யூட்டியில் படத்தின் மேல் நேராக எழுத முடிவதால் இது ஒரு நாள் வேலை. இடைவெளி நிரப்பிப் பத்திகளை நேர்ப்படுத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கண்ணுக்கு இரண்டு எழுத்து, பைத்தானுக்கு நான்கு. தொகைகள் எல்லாம் கோணலாக நிற்கும்.

உரிமத்தைக் கடைசியில் படிப்பது

பைக்யூட்டி, பைசைடு இரண்டும் ஒரே க்யூட்டியின் மேல்தான் நிற்கின்றன. நிரலில் சிக்னலின் (ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு அனுப்பும் அறிவிப்பு) பெயர் போன்ற சில இடங்களைத் தவிர பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் எது கையில் கிடைக்கிறதோ அதை எடுத்துவிடுகிறார்கள். பைக்யூட்டியை வெளியிடுவது ரிவர்பேங்க் கம்ப்யூட்டிங் நிறுவனம். ஜிபிஎல் உரிமம் அல்லது கட்டண உரிமம், இரண்டில் ஒன்று. ஜிபிஎல் வழியில் போனால், மென்பொருளை வாங்குபவருக்கு உங்கள் மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். மூல நிரலைத் தர விருப்பமில்லை என்றால் கட்டண உரிமம் வாங்க வேண்டும். அது அவர்கள் உழைப்புக்கு நியாயமான கோரிக்கைதான். ஆனால் விலை பேசுவதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

க்யூட்டி நோக்கியாவிடம் இருந்த காலத்தில், அவர்களுக்குப் பைத்தானிலும் ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமம் வேண்டியிருந்தது. ரிவர்பேங்குடன் அதில் உடன்பாடு ஏற்படாததால் 2009-இல் பைசைடு பிறந்தது. இன்றைய பைசைடு6-ஐ க்யூட்டி நிறுவனமே வெளியிடுகிறது. எல்ஜிபிஎல்-இல் உங்கள் நிரலை மூடி வைத்துக்கொள்ளலாம். ஆனால் க்யூட்டி லைப்ரரியைப் பயனர் மாற்றிக்கொள்ள வழி விட வேண்டும், உரிமப் பத்திரத்தையும் சேர்த்துத் தர வேண்டும். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பைசைடு6-க்குள்ளேயே க்யூட்டி சார்ட்ஸ் போன்ற சில பகுதிகள் இலவசமாகக் கிடைப்பது ஜிபிஎல்-இல் மட்டும்தான். வரைபடம் வேண்டும் என்று ஒரு வரி இம்போர்ட் செய்தால் கணக்கே மாறிவிடும்.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் ஒரு வருடம் உழைத்து எழுதிய மென்பொருளை விற்கப் போனார். வாங்க வந்தவர்களின் வக்கீல் கேட்ட முதல் கேள்வி, எந்த லைப்ரரி, என்ன உரிமம் என்பதுதான். இவரிடம் பதில் இல்லை. பேச்சு அன்றோடு நின்றது.

இன்று இருக்கும் உரிமம் நாளையும் இருக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம். பைசிம்பிள்ஜியூஐ பல வருடம் எல்ஜிபிஎல்-இல் இருந்தது. 2024-இல் 5-ஆம் பதிப்பு வந்தபோது தொழில்முறைப் பயன்பாட்டுக்குக் கட்டணம் என்று மாறியது. நீங்கள் பயன்படுத்தும் பதிப்பின் எண்ணையும் உரிமக் கோப்பையும் உங்கள் நிரலோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

டிகிண்டரை மட்டமாக நினைப்பது

பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டரே டிகிண்டரில் எழுதியதுதான். விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு திரை, நான்கு பட்டன் என்றால் அது போதும்.

எல்லா வேலையையும் திரையின் திரெட்டிலேயே செய்வது

ஜிஎஸ்டி அறிக்கை தயாராக நாற்பது வினாடி ஆகிறது, ஜன்னலின் தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வருகிறது. பயனர் என்ன செய்வார்? மூடிவிட்டு மறுபடி திறப்பார். டூல்கிட் மெதுவானது என்று பழி போட்டு வேறு ஒன்றுக்குத் தாவியவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா டூல்கிட்டும் இதில் ஒன்றுதான். திரெட் என்பது நிரலுக்குள் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரு பாதை; திரையை வரையும் திரெட் அறிக்கையில் மாட்டிக்கொண்டால் திரை உறைந்துவிடும். நீண்ட வேலை தனித் திரெட்டில் ஓட வேண்டும். அங்கிருந்து திரையை நேராகத் தொடக் கூடாது. க்யூட்டியில் சிக்னல் அனுப்புங்கள், டிகிண்டரில் முடிவை ஒரு கியூவில் (வரிசையில்) போட்டு, சிறிது நேரம் கழித்து ஃபங்ஷனை ஓட்டும் ஆஃப்டர் மூலம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நிரலில் இரண்டு டூல்கிட்

வேண்டாம்.

வாடிக்கையாளரின் கணினியைப் பார்க்காமல் தொடங்குவது

நம் மேசையில் இருப்பது 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11. கடையின் கல்லாப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் பழைய கணினி. 32 பிட் விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கடைகளுக்கு நான் போயிருக்கிறேன். க்யூட்டி 6 விண்டோஸ் 7-இல் ஓடாது. பைசைடு6-க்கு 32 பிட் விண்டோஸ் பதிப்பே கிடையாது. பைத்தானும் 3.9 முதல் விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டது. அந்தக் கணினிதான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தால் பைத்தான் 3.8, பைசைடு2 5.15 என்று பின்னால் போக வேண்டும். இல்லையென்றால் கணினியை மாற்றச் சொல்ல வேண்டும். இரண்டில் எது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

நிரலைப் பைத்தான் இல்லாத கணினியிலும் ஓடும்படி கட்டித் தரும் பைஇன்ஸ்டாலரைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடவும் கூடாது. லினக்ஸில் இருந்துகொண்டு விண்டோஸுக்கான எக்ஸ்இ கோப்பை அதனால் உருவாக்க முடியாது. விண்டோஸிலேயே உட்கார்ந்து உருவாக்க வேண்டும். ஒரே கோப்பாகக் கட்டினால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எல்லாவற்றையும் தற்காலிக ஃபோல்டருக்கு அவிழ்த்துவிட்டுத்தான் தொடங்கும். பழைய ஹார்டு டிஸ்க்கில் அது பொறுமையைச் சோதிக்கும், ஆன்டிவைரஸும் சில நேரம் தடுக்கும். நான் ஃபோல்டராகவே கட்டி, ஒரு இன்ஸ்டாலருக்குள் வைத்துத் தருகிறேன். பைசைடு6-ஐ முழுதாக நிறுவாமல் எசென்ஷியல்ஸ் தொகுப்பை மட்டும் நிறுவுகிறேன். பில்லிங் திரைக்குள் ஒரு பிரவுசர் எந்திரத்தைச் சுமந்து போகத் தேவையில்லை.

புதுக் கடைக்குப் போனால் நாற்காலியை இழுத்துப் போட்டு முதலில் வின்வர் கட்டளையைத் தட்டிப் பதிப்பைக் குறித்துக்கொள்கிறேன். பிறகு அந்தச் சோதனை ஜன்னலைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி, கணக்கு எழுதுபவரையே அதில் ஐந்து வாடிக்கையாளர் பெயர்களை அடிக்கச் சொல்கிறேன். அவர் அடித்ததை அவர்களுடைய பிரிண்டரிலேயே அச்சிட்டு அவர் கையில் கொடுக்கிறேன். விலை பேசுவது அதற்குப் பிறகுதான்.