மேகத்துக்குள் திசை தவறிய செஸ்னா: ஒருவழியாகச் சரியானது

வீட்டு விமான சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டினால், சொன்ன திசையிலேயே பிடித்திருந்தும் விமானம் மெல்ல மெல்லப் பாதை விலகிப் போய்க்கொண்டே இருந்தது. பல நாள் இதிலேயே போச்சு. ஜாய்ஸ்டிக்கை மறுபடி கேலிபரேட் செய்தேன், காற்றைப் பூஜ்யமாக்கினேன், ஒன்றும் மாறவில்லை.

கவனித்தால், சின்னப் பயணங்களில் இந்தத் தொல்லையே இல்லை, நேரம் ஆக ஆகத்தான் விலகல் கூடுகிறது. அப்புறம்தான் கண்ணாடிக்கு மேலே இருக்கும் காந்தத் திசைகாட்டியைப் பார்த்தேன்: கீழே நான் பார்த்து ஓட்டும் திசைக் கருவியான ஹெடிங் இண்டிகேட்டர் 090 டிகிரி, மேலே 075! ஹெடிங் இண்டிகேட்டர் கைரோவில், அதாவது வேகமாகச் சுழலும் சக்கரத்தில் ஓடுவது, வடக்கு எதுவென்று அதற்குத் தானாகத் தெரியாது. பேரிங் உராய்வாலும் பூமியின் சுழற்சியாலும் நகர்ந்துகொண்டே போகும், நிஜ விமானத்திலும் இப்படித்தான்.

சிமுலேட்டர் அமைப்புகளில் கைரோ டிரிஃப்ட், அதாவது இந்த நகர்வு, ஆன் ஆகி இருந்தது. அணைக்கவில்லை, நிஜம் போலவே இருக்கட்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஹெடிங் இண்டிகேட்டரின் குமிழைத் திருகிக் காந்தத் திசைகாட்டியோடு பொருத்துகிறேன். ஒன்று முக்கியம், விமானம் நேராக, மட்டமாக, ஒரே வேகத்தில் போகும்போதுதான் பொருத்த வேண்டும், திரும்பும்போதும் வேகம் மாறும்போதும் காந்த ஊசியே தப்பாகக் காட்டும்.

மேகத்துக்குள் நிமிர்ந்து நிற்கப் பூனையையும், தரையிறங்க வாத்தையும் கூட்டிப் போ என்று விமானிகளிடம் ஒரு பழைய வேடிக்கை உண்டு. திசைக்கு இந்தக் குமிழ் போதும்.