வீவக வீட்டில் சிறிய மரப்படகு கட்டுதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

இந்தச் செய்முறையில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் நாம் கட்டப்போவது ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளமும், விளிம்பில் 1.1 மீட்டர் அகலமும், 40 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, தட்டையான அடிப்பலகையுடைய ஒரு துடுப்புப் படகு. இதற்கு 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கடல்தரப் பிளைவுட் இரண்டு பலகைகள் போதும். தச்சு வேலையில் முன்பழக்கம் இல்லாதவரும் இதைப் பொறுமையாகக் கட்டி முடிக்க முடியும். அறுப்பதும் இழைப்பதும் சில நாள்களில் கைக்குப் பழகிவிடும்; சிங்கப்பூரின் வெப்பத்திலும் ஈரத்திலும் எப்பாக்ஸிப் பசையை (பிசினும் கடினமாக்கியும் கலந்தால் இறுகும் பசை) கையாளுவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. பசை கலந்த நொடியிலிருந்து நேரம் நம் கையில் இல்லை. எனவே எல்லாப் பலகைகளையும் பசையில்லாமல் முழுமையாகப் பொருத்தி, அளந்து, சரிபார்த்த பிறகே பசைப் புட்டியைத் திறக்கும்படி கீழே உள்ள படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கையாளப்போகும் முறை, பலகைகளைக் கம்பியால் தைத்து ஒட்டும் முறை. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னெலும் வடிவமைத்த மிரர் என்னும் சிறு பாய்மரப் படகு இந்த முறையை உலகெங்கும் கொண்டுசென்றது. தைத்த படகு தமிழருக்குப் புதியதன்று. சோழமண்டலக் கரையில் அலைகளைத் தாண்டிக் கப்பல்களுக்கு ஆள்களையும் சரக்கையும் ஏற்றிச்சென்ற மசூலாப் படகுகள், ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவைதாம். அங்கே கயிறு படகின் ஆயுள் முழுவதும் பலகைகளைப் பிடித்திருந்தது. நம் முறையில் செம்புக் கம்பி தற்காலிகப் பிடிப்பு மட்டுமே. பசை இறுகியதும் அதை உருவி எடுத்துவிடுவோம்.

முதல் படி: வழியை அளத்தல்

படகின் அளவைத் தீர்மானிப்பது உங்கள் ஆசையன்று, உங்கள் புளோக்கின் மின்தூக்கி. படகின் நீளத்துக்குச் சமமான ஒரு மெல்லிய மரச்சட்டத்தை எடுத்துக்கொண்டு, வேலை செய்யப்போகும் அறையிலிருந்து வாசற்கதவு, நடைவழித் திருப்பம், மின்தூக்கி எனக் கீழ்த்தளம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். மின்தூக்கியின் கதவு உயரத்தோடு உட்கூட்டின் மூலைவிட்டத்தையும் அளவுநாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். படகைப் பக்கவாட்டில் சாய்த்தால் அதன் 40 சென்டிமீட்டர் உயரமே அகலமாகிவிடுவதால் வீட்டுக் கதவு பெரும்பாலும் தடையாக இருக்காது. நீளந்தான் சிக்கல் தரும். சட்டம் நுழையவில்லை என்றால், படகின் நீளத்தைக் குறைக்க வேண்டும், அல்லது படிக்கட்டு வழியாக இறக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். பொது நடைவழி தீயணைப்புக்கும் வெளியேற்றத்துக்கும் உரிய இடம். அங்கே பலகையைச் சாத்திவைப்பதோ, அறுப்பதோ, காயவைப்பதோ கூடாது.

ஆப்டிமிஸ்ட் படகு இங்கே நல்ல சான்று. 1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ், எட்டடிப் பிளைவுட் பலகைக்குள் அடங்கும்படி அதை வடிவமைத்தார். அதனால்தான் அதன் நீளம் 2.36 மீட்டரில் நின்றது. இன்றும் ஈஸ்ட் கோஸ்ட் கடலோரத்தில் பிள்ளைகள் பாய்மரம் ஓட்டப் பழகுவது அதே அளவுப் படகில்தான். சந்தையில் கிடைக்கும் பலகையின் அளவுக்குள் படகை அடக்கினால், பலகைகளை நீளவாக்கில் இணைக்கும் வேலை முழுவதும் மிச்சமாகிறது.

இரண்டாம் படி: மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

சுங்கை காடுட் வட்டாரத்தின் மரக்கடைகளில் கேட்கும்போது, கடல்தரப் பிளைவுட் என்று மட்டும் சொல்லாமல் பிஎஸ் 1088 (கடல்தரப் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரநிலை) முத்திரையுள்ள பலகை வேண்டும் என்று கேளுங்கள். பலகையின் நான்கு ஓரங்களையும் கண்ணருகே வைத்துப் பாருங்கள். உள்ளடுக்குகளுக்கு இடையே இருண்ட வெற்றிடம் தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம், ஏனெனில் நீர் அங்கே தேங்கி உள்ளிருந்தே மரத்தை அழுகச் செய்யும். ஐயமிருந்தால் ஒரு சிறு துண்டை ஒரு மணிநேரம் கொதிநீரில் வேகவைத்துக் காயவிடுங்கள். அடுக்குகள் பிரிந்தால் அந்தப் பலகையைப் படகுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒக்குமே மரப் பலகை எடை குறைந்தது; 6 மில்லிமீட்டர் முழுப்பலகை ஒன்பது கிலோ அளவில்தான் இருக்கும். மெராந்திப் பலகை சற்றுக் கனமானது, ஆனால் இங்கே எளிதில் கிடைக்கும். விளிம்புச் சட்டங்களுக்கும் இருக்கைத் தாங்கிகளுக்கும் மெராந்தியில் எடை குறைந்த வகை நல்லது. திரங்கானுவின் படகுத் தச்சர்கள் போற்றும் செங்கால் மரம் உறுதியில் ஈடிணையற்றது என்றாலும், இவ்வளவு சிறிய படகுக்கு அதன் கனம் வேண்டாத சுமை.

முழுப்பலகை மின்தூக்கியில் நுழையாது என்றால், கடையிலேயே நீளவாக்கில் அறுத்து வாங்குங்கள். ஒரு பலகையை 42 சென்டிமீட்டர் அகலமுள்ள இரு பட்டைகளாக அறுத்தால் இரு பக்கப்பலகைகளும் கிடைக்கும். எஞ்சும் பட்டையில் முன்பலகையும் பின்பலகையும் வெட்டலாம். மற்றப் பலகை அடிப்பலகைக்கு.

மூன்றாம் படி: கோடு வரைதலும் அறுத்தலும்

பலரும் ஏற்கெனவே கட்டி ஓட்டிய ஒரு படகின் வரைபடத்தை வாங்கிப் பயன்படுத்துங்கள். முதல் படகை நீங்களே வடிவமைக்க முயல வேண்டாம். வரைபடத்தில் குறிப்பிட்ட இடைவெளிகளில் தரப்பட்டிருக்கும் அளவுகளைப் பலகையில் புள்ளிகளாகக் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு ஆணி அடியுங்கள். முடிச்சில்லாத, வளையக்கூடிய மெல்லிய சட்டம் ஒன்றை அந்த ஆணிகளை ஒட்டி வளைத்து, ஒரு முனையிலிருந்து கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். வளைவு எங்கேயாவது திடீரென முறிவதுபோல் தோன்றினால் அந்தப் புள்ளியின் அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருக்கும். மீண்டும் அளந்து திருத்திய பிறகே பென்சில் கோடு போடுங்கள்.

அறுப்பதற்குத் தன்பக்கம் இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பத்தைப் பரிந்துரைக்கிறேன். அதன் அலகு மெல்லியது, பிளைவுட்டின் மேலடுக்கை அதிகம் சிதைக்காது. அண்டைவீட்டாருக்கு ஓசைத் தொல்லையும் இல்லை. கோட்டின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுங்கள். பிறகு இரண்டு பக்கப்பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கவ்விகளால் இறுக்கி, இழைப்புளியால் கோடு வரை சேர்த்தே இழையுங்கள். தனித்தனியாக இழைத்தால் இரு பக்கங்களும் நூலிழை வேறுபடும். அந்த வேறுபாடு பின்னர் படகின் முறுக்கலாக வெளிப்படும்.

நான்காம் படி: தைத்தல்

ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே, 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, 2 மில்லிமீட்டர் துளைகள் இடுங்கள். சேரவிருக்கும் இரு பலகைகளிலும் துளைகள் எதிரெதிரே அமைய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் செம்புக் கம்பியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, முனைகள் படகின் வெளிப்பக்கம் வரும்படி கோத்து, முதலில் தளர்வாக மட்டும் முறுக்குங்கள். நடுவில் ஒரு தற்காலிகக் குறுக்குச்சட்டம் வைத்து, பக்கங்களை வரைபடத்திலுள்ள அகலத்துக்கு விரித்த பிறகு, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி ஒவ்வொரு கம்பியாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரே இடத்தில் முழுவதும் இறுக்கினால் துளை கிழிந்துவிடும்.

தளர்வாகத் தைத்த படகு இன்னும் நம் சொல்லைக் கேட்கும். ஒட்டிய படகு கேட்காது. ஆகவே இந்தக் கட்டத்தில் ஒரு முழு மாலையைச் செலவிடுங்கள். முன்பலகையின் நடுப்புள்ளியிலிருந்து பின்பலகையின் இரு மேல்மூலைகளுக்கும் நாடா பிடித்து அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து, நேரான இரு சட்டங்களை முன்பலகையின் மேல் ஒன்றும் பின்பலகையின் மேல் ஒன்றுமாகக் குறுக்கே வைத்து, சில அடி பின்னால் தரையில் அமர்ந்து, ஒரு கண்ணை மூடி, பின்சட்டத்தின் மேலோரத்தை முன்சட்டத்தின் மேலோரத்தோடு பொருத்திப் பாருங்கள். ஒருபக்கம் தூக்கியும் மறுபக்கம் தாழ்ந்தும் தெரிந்தால் படகு முறுகியிருக்கிறது. தாழ்ந்த மூலையின் அடியில் மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகி, எதிர்மூலையில் ஒரு செங்கல்லை வைத்து, மீண்டும் அதே இடத்தில் அமர்ந்து பாருங்கள். இரு ஓரங்களும் ஒரே கோடாகும் வரை இதைச் செய்யுங்கள். முறுகிய படகு, துடுப்பை எவ்வளவு நேராகப் போட்டாலும் ஒருபக்கமே இழுத்துச்செல்லும்.

ஐந்தாம் படி: பசை வேலை

எப்பாக்ஸியின் கடினமாக்கியில் மெதுவாக இறுகும் வகையை மட்டும் வாங்குங்கள். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். 25 பாகையில் 30 நிமிடம் என்று புட்டியில் எழுதியிருந்தால், நம் வீட்டின் 32 பாகையில் 20 நிமிடம்கூடக் கிடைக்காது. ஒருமுறைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் கலக்க வேண்டாம். கலந்ததை ஆழமான குவளையில் வைக்காமல் அகன்ற தட்டில் பரப்புங்கள். குவளையில் திரண்டிருக்கும் பசை தன் வெப்பத்தைத் தானே பெருக்கிக்கொண்டு புகையத் தொடங்கும். கலவை விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால் கண்ணளவை நம்பாமல் எண்ம நிறுவையைப் பயன்படுத்துங்கள். எடை விகிதமும் கொள்ளளவு விகிதமும் வேறுவேறானவை என்பதையும் புட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். கடினமாக்கியைக் கூட்டினால் விரைவாக இறுகும் என்பது தவறு. மீந்த பகுதி இறுகாமலே நின்றுவிடும்.

நைட்ரில் கையுறை அணியாமல் பசையைத் தொடாதீர்கள். எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுவதும் நீடிக்கக்கூடும். தோலில் பட்டால் கரைப்பானால் துடைக்கக் கூடாது, அது பசையைத் தோலுக்குள் கொண்டுசெல்லும். துணியால் ஒற்றி எடுத்துச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். சன்னல்களைத் திறந்துவைத்து, மின்விசிறியின் காற்று வெளிநோக்கிச் செல்லும்படி வையுங்கள்.

முதலில் கம்பிகளுக்கு இடைப்பட்ட இடங்களில் மட்டும் பசையைச் சிறு பொட்டுகளாக வைத்து, மறுநாள் இறுகியதும் கம்பிகளை உருவுங்கள். ஒட்டிக்கொண்ட கம்பியைப் பற்றவைப்புக் கோலால் சூடாக்கினால் எளிதில் வரும். அடுத்து, எப்பாக்ஸியில் மரத்தூளும் சிலிக்கா மாவும் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மணல்தாள் இடுவதற்கு எளிதாக இருக்கிறதென்று நுண்கோள மாவை (உள்ளீடற்ற நுண்ணிய கோளங்களாலான மாவு) சேர்க்க வேண்டாம். அது பூச்சுச் சமன் செய்வதற்கு உரியது, இணைப்பின் சுமையைத் தாங்காது. பலகைகள் சேரும் உள்மூலை நெடுகிலும் இந்த விழுதை இட்டு, முனை வட்டமான மரத்துண்டால் ஒரே சீராக இழுத்தால், மூலை குழிந்த வளைவாக மாறும். இருபுறமும் வழிந்ததை உடனே சுரண்டி எடுங்கள். இறுகிய பின் அதே வேலைக்குப் பல மணிநேரம் மணல்தாள் பிடிக்க வேண்டியிருக்கும். விழுது முழுவதும் இறுகும் முன்பே, 75 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடியிழை நாடாவை அதன்மேல் பரப்பித் தூரிகையால் எப்பாக்ஸியை ஊட்டுங்கள். வெண்மை மறைந்து நாடா கண்ணாடிபோல் தெளிந்தால் போதுமான அளவு ஊறிவிட்டது. அதற்கு மேல் ஊற்றுவது எடையைத்தான் கூட்டும்.

பலகைப் பரப்புக்குப் பூசும்போது நேரத்தைக் கவனியுங்கள். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துளைகளில் உள்ள காற்று விரிந்து பூச்சில் குமிழிகளாக எழும். பிற்பகல் வெப்பம் தணியத் தொடங்கும் வேளையில் பூசினால் மரம் பசையை உள்ளிழுக்கும். மழை பெய்யும் மாலைகளைத் தவிருங்கள். இங்கே சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், இறுகிய எப்பாக்ஸியின் மேல் மெழுகுபோன்ற வழவழப்பான படலம் படிவது வழக்கம். அது நீரில் கரையும். அடுத்த பூச்சுக்கு முன் வெந்நீரும் நார்த்துண்டும் கொண்டு தேய்த்துக் கழுவி, உலர்த்தி, பிறகே 80 எண் மணல்தாள் இடுங்கள். கழுவாமல் மணல்தாள் இட்டால் படலம் பரப்புக்குள் தேய்க்கப்பட்டு, அடுத்த பூச்சு பிடிக்காமல் உரியும்.

ஆறாம் படி: வெளிப்புறமும் உட்புறமும்

படகைக் கவிழ்த்து, வெளிமூலைகளை இழைப்புளியால் உருட்டுங்கள். கூர்மையான முனையில் கண்ணாடியிழை படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். வெளியிலும் நாடா ஒட்டி, அடிப்பலகையின் நடுவில் பின்பக்கமாக ஒரு சிறு செங்குத்துப் பலகையைச் சேர்த்தால் படகு நேராகச் செல்லும். விளிம்புச் சட்டங்களை இருபக்கமும் ஒரே நேரத்தில் ஒட்டுங்கள், ஒன்றை மட்டும் முதலில் ஒட்டினால் படகு அந்தப் பக்கம் வளையும். கவ்விகள் நிறைய வேண்டும். போதவில்லை என்றால் பிவிசி குழாயை வளையங்களாக நறுக்கி ஒருபக்கம் பிளந்து பயன்படுத்தலாம்.

இருக்கைகளின் கீழ் நீரை உறிஞ்சாத, மூடிய நுண்ணறைகளுள்ள நுரைக்கட்டிகளைப் பொருத்துவதைத் தவிர்க்காதீர்கள். 60 லிட்டர் நுரை ஏறத்தாழ 60 கிலோ மிதப்பாற்றலைத் தரும். படகு நீர் நிறைந்தாலும் மூழ்காமல் உங்களைத் தாங்க அது வேண்டும்.

எப்பாக்ஸி நீரைத் தடுக்கும், வெயிலைத் தாங்காது. மூன்று பூச்சு எப்பாக்ஸிக்கு மேல் சாயமோ, புறஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷோ கட்டாயம் பூச வேண்டும். வெளிர்நிறச் சாயமே நம் வெயிலுக்கு ஏற்றது. பூச்சுகள் முடிந்து ஒரு வாரமாவது இறுகவிடுங்கள்.

ஏழாம் படி: நீரில் இறக்குதல்

நீர்த்தேக்கங்கள் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பிலும், கடற்பகுதி கடல்துறை, துறைமுக ஆணையத்தின் பொறுப்பிலும் உள்ளன. எங்கே இறக்கலாம், என்ன அனுமதி தேவை என்பதை முன்கூட்டியே உரிய அமைப்பிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். முதல் நாள் இடுப்பளவு நீருக்கு அப்பால் செல்ல வேண்டாம். உயிர்காப்பு மேலங்கியை அணிந்து, உடன் ஒருவரைக் கரையில் நிறுத்துங்கள். அரை மணிநேரம் கழித்துக் கரையேற்றி, உள்மூலைகளைக் காய்ந்த துணியால் ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். ஈரம் தென்படும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் உலர்த்தி, அந்த இடத்தின் பூச்சை மரம் தெரியும் வரை சுரண்டி, மறுபடி நாடாவும் எப்பாக்ஸியும் இடுங்கள்.