வாத்தியாரா இருந்த அப்பாவுக்கு 31ஆம் நாள் கல்வெட்டு எப்பிடிச் செய்யிறது

எங்கட அப்பா முப்பது வருசத்துக்கு மேல யாழ்ப்பாணத்தில கணக்குப் படிப்பிச்சவர். அவர் போனாப்பிறகு 31க்கு கல்வெட்டு (செத்தவரை நினைச்சு அடிச்சுக் குடுக்கிற நினைவு மலர்) அடிக்கவேணும் எண்டு பெரியாக்கள் சொல்ல, எனக்கும் தம்பிக்கும் என்ன எழுதுறதெண்டே விளங்கேல்ல. வீட்டில கிடந்த மற்றாக்களின்ர மலர் அஞ்சாறை எடுத்துப் பார்த்தம், எல்லாத்திலயும் "பண்பாளர், பாசமிகு தந்தை, நல்லாசான்" எண்டுதான் கிடக்கு, பேரை மாத்தினா ஆருக்கும் பொருந்தும். அப்பாவுக்கு அப்பிடிச் செய்ய மனம் வரேல்ல. நாங்கள் செய்த மாதிரியை எழுதுறன், இப்ப அவசரமாத் தேடுற ஆருக்கும் உதவும்.

31 நாள் எண்டாலும் எழுதக் கிடைக்கிறது ரெண்டு கிழமைதான். எட்டுச் செலவு (எட்டாம் நாள் சடங்கு) முடியுமட்டும் ஒருத்தராலும் இருந்து கதைக்க ஏலாது, கடைசிக் கிழமை அச்சகத்துக்குக் குடுத்திட வேணும். அதால வேலையை ரெண்டு பேர் பிரியுங்கோ, ஒராள் பள்ளிக்கூடப் பக்கம், மற்றாள் வீட்டுப் பக்கம்.

பள்ளிக்கூடப் பக்கத்துக்கு முதல்ல நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதம், பென்சன் பைல். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியை விட்டு இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட குடும்பமெண்டால் கனக்க கடுதாசி இருக்காது, எங்களிட்டயும் இல்லை. அப்ப அவர் படிப்பிச்ச பள்ளிக்கூடங்களில அதிபரிட்டக் கேட்டு சம்பவத்திரட்டுப் புத்தகம் பாருங்கோ, ஆர் எப்ப வந்து கடமையேற்றது எண்டு அதில எழுதியிருக்கும். கூடப் படிப்பிச்ச ஒராளை நம்பி வருசம் போடாதேங்கோ, ரெண்டு பேரிட்டயாவது கேளுங்கோ.

பிறகு மாணவர்கள். "சேரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" எண்டு வட்ஸ்அப்பில போட்டால் திரும்பவும் அந்த "நல்லாசான்" கட்டுரைதான் வரும். சின்னக் கேள்வியாக் கேளுங்கோ: வகுப்புக்குள்ள வந்தவுடனை என்ன செய்வார், பிழை விட்டால் என்ன சொல்லுவார், எதில வருவார். எங்களுக்கு அப்பாட்டப் படிச்சு இப்ப கனடாவில இருக்கிற ஒரு அண்ணா குரல் பதிவு அனுப்பினவர். 1990க்குப் பிறகு கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் விக்கிற விலைக்கு வாங்கேலாது, அந்த நேரம் அப்பா பின்னேரத்தில அவையளின்ர வீட்டு விறாந்தையில ஓ எல் (பதினொராம் வகுப்புச் சோதினை) எடுக்கிற பிள்ளையள் ஆறு பேரை இருத்திப் படிப்பிச்சவராம், ஜாம் போத்தல் விளக்கோட. கொப்பி இல்லாததால முதல் பென்சிலால செய்து பிறகு அதுக்கு மேலயே பேனையால செய்யச் சொல்லுவாராம், ஒரு ஒற்றையில ரெண்டு நாள் கணக்கு.

இதை அம்மாட்டச் சொன்னன். அம்மா கொஞ்ச நேரம் பேசேல்ல, பிறகு சொன்னா, "அது எங்கட வீட்டு விளக்கு தம்பி. அவர் வருமட்டும் நாங்கள் முத்தத்தில நிலவில இருப்பம், நீ பயத்தில அழுவாய்". எனக்கு அந்த அழுகை மட்டும்தான் ஞாபகம் இருந்தது, விளக்கு எங்க போனதெண்டு முப்பது வருசமாத் தெரியாது. கல்வெட்டில இந்த ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில போட்டம், ஒரு சொல்லும் கூட்டாமல். மாணவருக்குத் தெரிஞ்சது ஒரு பாதி, வீட்டாக்களுக்குத் தெரிஞ்சது மற்றப் பாதி, அதை நீங்கள்தான் போய் ஒண்டாக்க வேணும்.

அம்மாட்டக் கேக்கிறதெண்டால் சனம் வந்து போற ஹோலில இருத்திக் கேளாதேங்கோ. குசினியில மரக்கறி வெட்டேக்க பக்கத்தில இருங்கோ, சம்மதம் கேட்டுப்போட்டு போனில பதிவு போடுங்கோ. அழுதால் நிப்பாட்டி நாளைக்குக் கேளுங்கோ.

திதி வெண்பாவை (செத்த நாளின்ர திதியைச் சொல்லுற பாட்டு) ஊரில தெரிஞ்ச புலவர் ஆரிட்டயாவது குடுங்கோ. ஆண்டு, மாதம், பட்சம், திதி, பேர், ஊர் எல்லாம் சரியா எழுதிக் குடுக்க வேணும் (2025 சித்திரையில இருந்து 2026 சித்திரை பிறக்குமட்டும் விசுவாவசு ஆண்டு). கடைசி அடிக்கு மூண்டே சீர்தான், அதால நீளப் பேரெண்டால் வீட்டில கூப்பிடுற பேரையும் சொல்லி வையுங்கோ. தேவாரம், சிவபுராணம் வழமை போல.

வம்சாவளியில கவனம். எங்கட முதல் பிரதியில சின்ன வயசில செத்துப்போன மாமி ஒராளின்ர பேர் விடுபட்டிட்டுது, அப்பாவின்ர கடைசித் தங்கச்சிதான் பார்த்துக் கண்டு பிடிச்சவ, அவவின்ர முகம் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அச்சடிக்க முதல் அப்பா, அம்மா ரெண்டு பக்கத்துச் சொந்தத்திலயும் வயசான ஒவ்வொராளுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.

அச்சகத்தில பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாத்தினால் சில எழுத்து உடையும், புரூப்பை போனில பாராமல் கடுதாசியில எடுத்துப் பாருங்கோ. பழைய படங்களை 300 டிபிஐயில ஸ்கான் பண்ணுங்கோ, வட்ஸ்அப்பில படமா அனுப்பினால் தரம் குறையும், டொக்கியுமென்ற்றா அனுப்புங்கோ. நடுவில பின் அடிக்கிற புத்தகமெண்டால் பக்கம் நாலால பிரிபட வேணும்.

பந்தியில குடுத்து முடிய பத்துப் பிரதியாவது எடுத்து வையுங்கோ. அவர் படிப்பிச்ச பள்ளிக்கூட நூலகங்களுக்கு ஒவ்வொண்டு, நூலகம் நிறுவனத்துக்கு ஒண்டு, அவையள் நினைவு மலர்களை ஸ்கான் பண்ணி இணையத்தில போட்டு வைக்கினம். குரல் பதிவு அனுப்பின அண்ணாவுக்கு நாங்கள் தபாலில அனுப்பினம், உள்ளுக்க அந்தப் பக்கத்தில அம்மா தன்ர கையெழுத்தில பேரெழுதி வைச்சவ.