வாவிக்கு அக்கரையில் குரல் கேட்குமா? களவானொலி வலையைக் கணினியில் சோதிக்கும் முறை

படைப்பிரிவுகளின் களவானொலித் தொடர்பை மதிப்பிடப் பயன்படும் கணினி உருவகப்படுத்தல் முறை, மட்டக்களப்பில் வெள்ள மீட்புக்கு வோக்கிடோக்கி வலை அமைப்போருக்கும் அப்படியே உதவும். சிக்னல் எட்டுமா என்பது பாதிக் கேள்விதான். செய்தி உரிய நேரத்துக்குள் போய்ச் சேருமா என்பதையே கணினியிடம் கேட்க வேண்டும்.

முதலில் அலைப்பரவலைக் கணியுங்கள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒருவரும், 10 கிலோமீற்றர் தள்ளி மேற்கே படுவான்கரை வயல்வெளியில் இன்னொருவரும், 150 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் 5 வோட் கருவியை ஒன்றரை மீற்றர் உயரத்தில் பிடித்திருப்பதாகக் கொள்வோம். இடையில் எந்தத் தடையும் தரையும் இல்லை என்று கொள்ளும் வெறுவெளிச் சூத்திரம் 96 டெசிபல் இழப்பையே காட்டும்; அதை நம்பி இறங்கினால் களத்தில் ஏமாற்றமே மிஞ்சும். தரையில் பட்டுத் தெறிக்கும் அலையையும் சேர்க்கும் இருகதிர் மாதிரியில் இழப்பு 153 டெசிபலாகி, வந்துசேரும் வலு -116 டிபிஎம் (ஒரு மில்லிவோட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு) ஆகக் குறைகிறது. சாதாரணக் கருவி பிடிக்கக்கூடிய மிகக் குறைந்த வலு -119 டிபிஎம் அளவில் இருப்பதால், இடையில் ஒரு தென்னந்தோப்பு வந்தாலே குரல் அறுந்துவிடும். ஒரு முனையின் அன்ரெனாவைக் கோபுரத்தில் ஏற்றி 15 மீற்றருக்கு உயர்த்தினால் 20 டெசிபல் திரும்பக் கிடைக்கும். குடும்பிமலைப் பக்கம் நிலம் மேடுபள்ளமாக இருப்பதால், 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடம் அளந்த நில உயரத் தரவுடன் நிலத்தின் மேடுபள்ளத்தையும் கணக்கில் எடுக்கும் லோங்லி-ரைஸ் மாதிரியை அங்கு பயன்படுத்துங்கள்.

அடுத்தது பேச்சு நெரிசல். பலர் கணக்கில் எடுக்காமல் விடுவது இதைத்தான். ஒரே அலைவரிசையில் 12 கருவிகள், ஒவ்வொன்றும் மணிக்கு 4 தடவை, தடவைக்கு 20 செக்கன் பேசினால் மொத்தம் 960 செக்கன். மணித்தியாலத்தில் 27 சதவீதம் நிரம்பும், சராசரிக் காத்திருப்பு 4 செக்கனுக்குள் அடங்கும். வெள்ளம் ஏறி அழைப்புகள் மூன்று மடங்கானால், 80 சதவீதம் நிரம்பி, காத்திருப்பு 40 செக்கனாகிவிடும். படகில் சிக்கியவருக்கு அது நீண்ட நேரம். எல்லோரும் முறை வைத்துப் பேசினாலே இந்தக் கணக்கு. இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்திச் செய்தி கெடுவதையும் மாதிரியில் சேர்க்க வேண்டும். குரல் வலைக்குச் சிறு பைதன் நிரல் போதும். தரவுப்பொதி அனுப்பும் வலையானால் இலவசமாகக் கிடைக்கும் என்எஸ்-3 என்ற வலை உருவகப்படுத்தல் மென்பொருள் உதவும்.

யார் எப்போது பேசுவார் என்பதைத் தீர்மானிக்கும் எழுமாற்று எண்களை மாற்றி, மாதிரியை 30 தடவையாவது ஓட்டி, சராசரியோடு மிக மோசமான முடிவையும் பாருங்கள். ஓட்டத்தின் நடுவில், மாதிரியிலுள்ள அன்ரெனாக் கோபுரத்தையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். 1978 நவம்பர் சூறாவளி போன்ற காற்றில் அது நிற்கும் என்று எண்ண முடியாது.

பின்னர், அலைவரிசைக்கு அனுமதி பெற்று, கல்லடிப் பாலத்திலிருந்தும் உட்புற வயல்களிலிருந்தும் வலுவை அளந்து, மாதிரி சொன்ன எண்ணுடன் ஒப்பிடுங்கள். 10 டெசிபலுக்கு மேல் வேறுபடும் இடங்களில் மாதிரியைத் திருத்திய பிறகே கோபுரத்துக்கு இடம் குறியுங்கள்.