பெல்ட்டைக் கட்டுவதற்கு முன்னால் கையெழுத்தை வாங்குங்கள்

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டைகளை நடத்தும் கம்பெனிக்கு முதலாளியாக ஆடும் கம்ப்யூட்டர் ஆட்டம். அதில் எனக்கு மூன்றாவது வருடம். லைட்வெயிட் எடைப்பிரிவின் சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டை. பிரேசில்காரன் ஒருவனை 21 வயதில் எடுத்து, ஒன்பது சண்டைகளாகப் பொத்திப் பொத்தி வளர்த்திருந்தேன். இரண்டாவது ரவுண்டில் எதிராளியின் கழுத்தைப் பிடித்து நெரித்து முடித்தான். நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். அப்புறம் அவனுடைய ஒப்பந்தப் பக்கத்தைத் திறந்தால், மீதிச் சண்டைகள்: 0. கூண்டுக்குள் இறங்க 7,000 டாலர், ஜெயித்தால் இன்னொரு 7,000 என்று வாங்கிக்கொண்டிருந்தவன் இப்போது 60,000 கேட்கிறான். நான் இழுத்தடித்தேன். போட்டிக் கம்பெனி தூக்கிக்கொண்டு போய்விட்டது. மொத்தத் தப்பும் என்னுடையது.

நான் ஆடுவது கிரே டாக் சாஃப்ட்வேர் வெளியிட்ட வேர்ல்ட் ஆஃப் மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ் 5. படமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், குத்துகூட எழுத்தில்தான் விழும். நீங்கள் ஃபைட்டர் இல்லை, கம்பெனி நடத்துபவர். ஆள் எடுப்பது, சண்டை கோப்பது, காசு கொடுப்பது எல்லாம் உங்கள் தலையில். இந்த வகையில் வேறு எந்த ஆட்டத்தை ஆடினாலும் கட்டங்களின் பெயர்தான் மாறும், பேரம் இதேதான்.

பகலில் எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளப் பட்டுவாடா வேலை. அங்கே கற்றுக்கொண்ட ஒன்றை ஆட்டத்தில் மறந்துபோனதுதான் எரிச்சல். சரக்கு ஏற்ற வேண்டிய வாரத்தில் டெய்லர் ரேட்டைக் கூட்டிக் கேட்டால் கிடைக்கும். தீபாவளி போனஸ் வாங்கிய மறுவாரம் அதே ஆள் அதே ரேட்டைக் கேட்டால் கிடைக்காது. யாருக்கு அவசரமோ அவர்தான் கூடக் கொடுப்பார். பெல்ட் ஜெயித்த மறுநாள் அவசரம் முழுக்க என் பக்கம் இருந்தது.

அதனால் முதல் வேலையாக, மாதம் ஒருமுறை ஆட்கள் பட்டியலை ‘மீதிச் சண்டைகள்’ வரிசையில் அடுக்கிப் பாருங்கள். இரண்டு என்று காட்டும் எல்லோரிடமும் அன்றே பேச்சைத் தொடங்குங்கள். ஒன்று என்று வந்தவனுக்கு, அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், பெல்ட் சண்டை கிடையாது. முதலில் புது ஒப்பந்தம், பிறகு பெல்ட். இந்த ஒரு விதியை மட்டும் நான் இப்போது எதற்காகவும் தளர்த்துவதில்லை.

நிஜத்தில் எம்எம்ஏ நடத்தும் மிகப் பெரிய கம்பெனியான யுஎஃப்சி இதே பயத்துக்குத்தான் ஒப்பந்தத்தில் சாம்பியன் விதி என்று ஒன்றை வைத்திருந்தது. பெல்ட் கையில் இருக்கும்போது ஒப்பந்தம் தீர்ந்தால் அது தானாக நீளும். 2022 ஜனவரியில் அதன் ஹெவிவெயிட் சாம்பியன் ஃபிரான்சிஸ் இங்கானு, முழங்கால் கெட்ட நிலையிலேயே சிரில் கானை ஜெயித்துப் பெல்ட்டைத் தக்கவைத்தார். பேச்சு படியவில்லை. நீட்டிப்புக் காலம் முடியும்வரை காத்திருந்து, 2023 ஜனவரியில் பெல்ட்டை விட்டுவிட்டு வெளியேறினார். அதே அக்டோபரில் ரியாத்தில் குத்துச்சண்டைச் சாம்பியன் டைசன் ஃப்யூரியோடு குத்துச்சண்டை போட்டு, மூன்றாவது ரவுண்டில் அவரைக் கீழே விழவும் வைத்தார். தோற்றது ஸ்பிளிட் டிசிஷனில்தான், அதாவது மூன்று நடுவர்களில் ஒருவர் இவர் பக்கம் இருந்தார். உங்கள் ஆட்டத்தில் சாம்பியன் விதிக்கு ஒரு கட்டம் இருந்தால் டிக் அடியுங்கள். ஆனால் பொறுமையுள்ள ஆள் அதையும் கடந்து போவான்.

சரி, தொகைக்கு வருவோம். ஒரு ஆளோடு பேசப் போகும்முன் ஒரு இரவின் மொத்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். என் கம்பெனி நடுத்தரம். ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட்டும் டிவியும் சேர்ந்து ஏறக்குறைய 1,80,000 டாலர் வரும். அதில் 40 விழுக்காடு, அதாவது 72,000, சண்டைக்காரர்களுக்கு. பத்து சண்டையில் மெயின் ஈவெண்டுக்கு 24,000, அதற்கு முந்தையதற்கு 14,000. மிச்சம் 34,000 எட்டு சண்டைக்கு, ஒன்றுக்கு 4,250. கீழ் வரிசைப் பையன்கள் இருவருக்கும் இறங்க தலா 1,500, ஜெயித்தவனுக்கு 1,250 என்று கொடுத்தால் சரியாக அதில் அடங்கும். இந்தத் தாள் பக்கத்தில் இருந்தால், ஒருவன் 5,000 கேட்கும்போது எந்தச் சண்டையிலிருந்து பிடுங்கிக் கொடுக்கப் போகிறோம் என்று தெரியும். இல்லாவிட்டால் ‘சின்னத் தொகைதானே’ என்று பத்து பேருக்குத் தலையாட்டிவிடுவோம்.

40 விழுக்காடு தாராளம் என்று தோன்றலாம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக் வருமானத்தில் பாதியை ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கிறது. யுஎஃப்சி வீரர்கள் 2014இல் போட்ட வழக்கில் பேசப்பட்ட பங்கு 20 விழுக்காட்டுக்கும் கீழே. கடைசியில் 37.5 கோடி டாலர் சமரசத்துக்கு 2025இல் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. நான் 20இல் நடத்திப் பார்த்தேன். வளரும் ஆட்கள் எல்லோரும் முதல் ஒப்பந்தத்தோடு நடையைக் கட்டினார்கள், ஏனென்றால் என் கம்பெனிக்கு யுஎஃப்சியின் பேர் கிடையாது. பேர் இல்லாதவன் காசால்தான் ஈடுகட்ட வேண்டும்.

இப்போது வெற்றி போனஸ். புதிதாக ஆடுபவர்கள் தவறவிடும் இடம் இது. யுஎஃப்சியில் நுழைபவர்களுக்கு 10,000/10,000 என்பது பல காலம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு: இறங்க பத்தாயிரம், ஜெயித்தால் இன்னொரு பத்தாயிரம். கம்பெனிக்கு இது சூதாட்டம்போலத் தோன்றும், ஆனால் இல்லை. இரண்டு பேரும் உங்கள் ஆட்கள். 20,000/20,000 வாங்கும் இருவர் மோதினால், இறங்க இருவருக்கும் சேர்த்து 40,000, ஜெயித்தவனுக்கு 20,000. யார் ஜெயித்தாலும் 60,000தான், டிரா ஆனால்தான் மாறும். அதே 60,000ஐத் தலைக்கு 30,000 என்று போனஸ் இல்லாமல் கொடுத்திருக்கலாம். உங்களுக்கு ஒரே செலவு. ஆனால் பேரம் பேசும் மேசையில் போனஸ் இல்லாதவனுக்கு ‘30,000’ என்று கேட்கும், போனஸ் உள்ளவனுக்கு ‘40,000’ என்று கேட்கும். தோற்கப்போகிறோம் என்று நினைத்து எவனும் கூண்டுக்குள் ஏறுவதில்லை அல்லவா? போனஸை முழுக்கத் தன் காசாகவே எண்ணிக்கொள்வான்.

எச்சரிக்கை ஒன்று. பெரிய போனஸ்காரனைச் சின்ன போனஸ்காரனோடு மோதவிட்டால் இந்தச் சமன் உடையும். அப்போது பெரிய போனஸைக் கொடுத்தாயிற்று என்றே எழுதிக்கொள்ளுங்கள். வயதான முன்னாள் சாம்பியன்கள் போனஸுக்கு மசியமாட்டார்கள், அவர்களுக்கு உறுதியான தொகைதான் பேசும். முழங்கால் என்ன நிலையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

எத்தனை சண்டைக்குக் கையெழுத்து? இளசுகளுக்கு நான்கு, ஒவ்வொரு வெற்றிக்கும் படி ஏறும்படி: 5,000/5,000, பிறகு 6,000/6,000, பிறகு 7,000/7,000. படி ஏறும் வசதி ஆட்டத்தில் இல்லையென்றால் இரண்டிரண்டு சண்டையாகப் போட்டு நீங்களே ஏற்றுங்கள். 35 தாண்டியவனுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். 37 வயது ஹெவிவெயிட் ஒருவனுக்கு ஆசையில் ஆறு சண்டை எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவை நாக்அவுட் ஆனான். மீதி மூன்று சண்டைக்கும் மெயின் ஈவெண்ட் சம்பளத்தை வாங்கிக்கொண்டு டிக்கெட் கவுண்டர் பக்கம் ஒருவரையும் வரவழைக்கவில்லை.

கூடுதல் காசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கையெழுத்துப் பணமாக ஒரே தடவையில் கொடுங்கள், சண்டைத் தொகையில் ஏற்றாதீர்கள். அடுத்த பேரம் பழைய சண்டைத் தொகையிலிருந்துதான் தொடங்கும், கையெழுத்துப் பணம் அதில் ஒட்டாது. எடி ஆல்வரெஸ் என்ற எம்எம்ஏ வீரரின் விஷயம் நல்ல பாடம். யுஎஃப்சியின் போட்டிக் கம்பெனியாக இருந்த பெலட்டாரில் அவருடைய ஒப்பந்தம் முடிந்ததும் யுஎஃப்சி எட்டுச் சண்டை, 70,000/70,000இல் தொடக்கம், கையெழுத்துக்கு மட்டும் 2,50,000 டாலர் என்று தூண்டில் போட்டது. வேறு கம்பெனி தரும் தொகையைத் தானும் தந்து ஆளைத் தக்கவைக்கும் ‘சமன்செய்யும் உரிமை’ ஒப்பந்தத்தில் இருந்ததால் பெலட்டார் அதே தொகையை எழுதிக் காட்டியது. பே-பர்-வியூ (காசு கட்டி டிவியில் பார்ப்பவர்களிடமிருந்து வரும் வருமானம்) பங்கு உண்மையிலேயே சமமா என்று இருதரப்பும் 2013இல் நீதிமன்றம் வரை போய், பிறகு சமரசமானார்கள். அடுத்த வருடம் எப்படியும் அவர் யுஎஃப்சிக்குத்தான் போனார். போட்டிக் கம்பெனி உங்கள் ஆளை ஏலத்தில் இழுக்கும்போது ஒருமுறை சமன்செய்யலாம். இரண்டாவது முறையும் இழுத்தால் விட்டுவிடுங்கள், மனசு அங்கே போய்விட்டது.

பேச நல்ல நேரம் தோல்விக்குப் பின். ஆனால் எந்தத் தோல்வி என்று பார்க்க வேண்டும். மூன்று ரவுண்டும் மல்லுக்கட்டி ஒரு நடுவரின் புள்ளியில் தோற்றவனுக்கு விலை இறங்கியிருக்கும், திறமை இறங்கியிருக்காது. அவனைத்தான் பிடிக்க வேண்டும். முதல் நிமிடத்திலேயே சாய்ந்தவனுக்கு இரண்டு மாதம் ஓய்வு கொடுங்கள், ஒப்பந்தம் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அந்தப் பிரேசில்காரன் போன வாரம், ஆட்டக் கணக்கில் இரண்டரை வருடம் கழித்து, சந்தையில் மறுபடி தெரிந்தான். போன இடத்தில் பெல்ட் கிடைக்கவில்லை, கடைசி இரண்டும் தோல்வி, இரண்டும் ஸ்பிளிட் டிசிஷன். 30,000/30,000 கேட்டான். 18,000/18,000 என்று சொல்லி, கையெழுத்துக்கு 10,000 வைத்தேன். ஒத்துக்கொண்டான். நான்கு சண்டை. முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டான். பட்டியலில் ‘மீதி: 2’ என்று வந்த அன்றே பேச உட்கார்ந்தேன். 24,000/24,000இல் படிந்தது. பெல்ட் சண்டையை அதற்கு மறுநாள்தான் அறிவித்தேன்.