மரபணு மாற்றிய உணவு: தேட வேண்டியது தக்காளிக் கூடையில் அல்ல

பெங்களூர் அல்சூர் மார்க்கெட்டில் கெட்டித் தக்காளியை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது மரபணு மாத்தினதுண்ணா, நாட்டித் தக்காளி குடுங்க" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அந்தத் தக்காளி ஹைபிரிட். இரண்டு தக்காளி ரகங்களை மகரந்தம் சேர்த்து எடுத்த விதை, அவ்வளவுதான். நம் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த அர்கா ரக்ஷக்கும் ஹைபிரிட்தான். விதையில்லாத் திராட்சையும் தர்பூசணியும்கூட மரபணு மாற்றியவை அல்ல.

இந்தியாவில் வணிகரீதியாகப் பயிராகும் மரபணு மாற்றப் பயிர் ஒன்றே ஒன்று: 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி. ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சுப் புரதத்தைச் செடியே உருவாக்கும்படி மாற்றிய பருத்தி அது. அதே முறையில் மாற்றிய பி.டி. கத்தரிக்காயை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தது. அதற்கு முன் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டங்களில் ஒன்று பெங்களூரிலும் நடந்தது.

"பருத்தியை யார் சாப்பிடப் போகிறார்கள்?" என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. பருத்திக்கொட்டை எண்ணெய் வனஸ்பதியிலும் கலப்பு எண்ணெயிலும் சேர்கிறது. பிரேசில், அர்ஜென்டினாவில் விளையும் சோயாவும் பெரும்பாலும் மரபணு மாற்றியதுதான். அங்கிருந்து சோயா எண்ணெய் இங்கே கப்பல் கப்பலாக வருகிறது. காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நாம் எண்ணெய் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பதில்லை. அதற்காகப் பதற வேண்டாம். சேர்த்த மரபணு உருவாக்கும் புரதம் சுத்திகரித்த எண்ணெயில் அநேகமாக மிஞ்சுவதில்லை. ஆனாலும் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்வது நம் உரிமை.

விதையை மாற்றினால் போதும், விவசாயம் நிலைத்துவிடும் என்பதும் தவறு. முன்பெல்லாம் பி.டி. பருத்தி விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலமாகத் தந்தார்கள். வயலைச் சுற்றி அதை விதைத்தால்தான் நஞ்சுக்குப் பழகாத புழுக்கள் மிஞ்சி, பழகியவற்றோடு இனம் கலக்கும்; எதிர்ப்புத்திறன் பரவத் தாமதமாகும். பல இடங்களில் அதை விதைக்கவே இல்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு திரும்பி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எதற்கு அந்தப் பொட்டலம் என்று விவசாயிக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது, மரபணு மாற்றவில்லை என்றாலே பாதுகாப்பானது என்ற நம்பிக்கை. பெங்களூரின் விருஷபாவதி ஆற்றில் ஓடும் கழிவுநீரில் வளர்ந்த கீரையில் மாற்றிய மரபணு எதுவும் கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீரோடு வரும் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகம் செடிக்குள் ஏறிவிட்டால் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. கீரை வாங்கும்போது எந்த ஊர்த் தோட்டம், என்ன தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்று கேளுங்கள். சரியான பதில் வரவில்லையென்றால் வேறு கடை பாருங்கள்.