சத்தகம் (ஓலை வாரும் சிறு கத்தி) அடிக்க எந்த இரும்பு? காபனைப் பார்த்துத் தெரிவு செய்யும் முறை

பழைய இரும்புக் கடையில் கிடைக்கிற எந்தத் துண்டையும் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துவிட்டால் கத்தியாகிவிடும் என்று நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். தோய்ப்பது மட்டும் கடினத்தைக் கொடுக்காது. உள்ளே போதிய காபன் இருந்தால்தான் தோய்ப்பது பலிக்கும். அது இல்லாத கொங்கிரீட் கம்பியை நாள் முழுக்க உலையில் வைத்து எடுத்தாலும் நாலு ஓலை வார்வதற்குள் முனை மழுங்கிவிடும்.

கொங்கிரீட் கம்பி, ஆணி, வேலிக்கம்பி எல்லாவற்றிலும் காபன் பெரும்பாலும் 0.25 வீதத்துக்குள்தான் இருக்கும். வளைக்கலாம், ஒட்டலாம், வெட்டும் விளிம்புக்கு உதவாது. லொறி, பஸ் வில்லுத்தகட்டில் ஏறக்குறைய 0.6 வீதம், கூடவே கொஞ்சம் குரோமியமோ சிலிக்கனோ இருக்கும். நல்ல அரத்தில் 1 வீதமும் அதற்கு மேலும். முதல் தடவை செய்கிறவர்கள் வில்லுத்தகட்டையே எடுங்கள். அரம் கூர்மையை நெடுநாள் வைத்திருக்கும்தான், ஆனால் சூட்டில் சின்னப் பிழை விட்டாலும் வெடித்துவிடும்.

என்ன இரும்பென்று தெரியாத துண்டு என்றால் மாலை மங்கும் நேரத்தில் கிறைண்டரில் பிடித்துப் பாருங்கள், கண்ணாடி கட்டாயம் போட வேண்டும். காபன் குறைந்தது நீளமான நேர்கோடுகளாகப் பொறி விடும், நுனியில் ஒன்றிரண்டு கிளைதான் பிரியும். வில்லுத்தகட்டில் கிளைகள் கூடும். அரத்தைப் பிடித்தால் கோடு கட்டையாகி, கல்லுக்குக் கிட்டவே பூப்பூவாக நெருக்கமாக வெடிக்கும். தெரிந்த கம்பி ஒன்றையும் அரம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பிடித்தால் கண் பழகிவிடும். அப்பவும் சந்தேகம் என்றால், விரலளவு துண்டை வெட்டிச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, குறட்டில் பிடித்துச் சுத்தியலால் ஒரு அடி போடுங்கள். வளைந்தால் விட்டுவிடுங்கள், படக்கென்று முறிந்தால் அது நமக்கு வேண்டிய உருக்கு.

இது ஏன் இப்படி என்று விளங்கிக்கொண்டால் மிச்ச வேலை எல்லாம் சுலபம். ஆறிய இரும்பின் மென்மையான பகுதி ஃபெரைட். அது காபனை ஏற்றுக்கொள்வதே இல்லை என்று சொல்லலாம், மிஞ்சி மிஞ்சிப் போனால் 0.02 வீதம். மிச்சக் காபன் இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற கடினமான, நொறுங்கும் சேர்மமாகிறது. மெதுவாக ஆறும்போது, புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி இருப்பதுபோல, இந்த இரண்டும் மெல்லிய அடுக்குகளாகப் படியும். அதுதான் பேர்லைட். 0.2 வீத இரும்பில் பெரும்பகுதி ஃபெரைட், பேர்லைட் அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். 0.77 வீதத்தில் முழுவதும் பேர்லைட். அதற்கு மேலே போனால் மிஞ்சிய சிமென்டைட், உருக்கின் மணிகள் எனப்படும் நுண்ணிய படிகங்களின் எல்லைகளில் வலைபோட்டு நின்று உருக்கை நொறுங்க வைக்கும்.

727 பாகை செல்சியஸ் தாண்டினால் அணுக்களின் அடுக்கே மாறத் தொடங்கி ஒஸ்டெனைட் உருவாகிறது, இது காபனைத் தாராளமாகக் கரைத்துக்கொள்ளும். அந்த நிலையில் சட்டென்று குளிர வைத்தால் காபனுக்கு வெளியே வர நேரம் கிடைக்காது, உள்ளேயே சிக்கி அடுக்கை இழுத்துப் பிடிக்கிறது. அதுதான் மார்டென்சைட், கத்தியின் கடினம் முழுக்க அதிலிருந்துதான். காபன் கூடக் கூட கடினமும் கூடும், ஆனால் 0.6 வீதத்துக்கு மேல் அந்த ஏற்றம் மிகவும் சிறியது. வில்லுத்தகட்டை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

சரி, வேலைக்கு வருவோம். தகட்டைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க விடுங்கள், காலையில் அரத்துக்கு வசப்படும். சிரட்டைக்கரி உலையில் காய்ச்சி அடித்து உருவம் எடுத்த பிறகு, திரும்பவும் காய்ச்சிக் காற்றில் ஆற விடுங்கள், இரண்டு மூன்று முறை. அடித்ததால் வந்த இழுவிசை போய், மணிகள் சிறிதாகும். தோய்த்த பிறகு கத்தி கோணுவது பெரும்பாலும் இந்தப் படியை விட்டவர்களுக்குத்தான்.

தோய்க்கும் சூட்டை அறியக் காந்தம் போதும். வெயிலில் நிறம் ஏமாற்றும், அதனால் நிழலில் உலையை வையுங்கள். சிவந்த தகட்டைக் காந்தம் இழுக்காமல் விடும் கட்டத்திலிருந்து இன்னும் ஒரு சாயல் வெளிச்சமாகும்வரை காய்ச்சி, உடனே எண்ணெயில் முனை கீழாக இறக்குங்கள். மஞ்சளாகும்வரை விட்டால் மணிகள் பருத்து விளிம்பு உதிரும். எண்ணெய் கை பொறுக்கிற இளஞ்சூட்டில் இருக்கட்டும், வடித்த பொரித்த எண்ணெயே போதும். வில்லுத்தகட்டைத் தண்ணீரில் போட்டால் வெடிக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் மேலே தீப்பிடிக்கலாம், ஆகவே உலோக வாளியும் அதற்கு மூடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பிளாஸ்ரிக் வாளி கூடவே கூடாது.

இப்போது பழைய அரத்தை விளிம்பில் இழுத்தால் பிடிக்காமல் வழுக்கும். ஆனால் கீழே விழுந்தால் உடையும் நிலை, அப்படியே நாளைக்கு என்று வைக்காதீர்கள். ஒரு பக்கத்தை மண்தாளால் மினுக்கி, முதுகுப் பக்கம் சூடுபட மெதுவாகக் காய்ச்சுங்கள். முதுகிலிருந்து நிறம் ஊர்ந்து வரும்: வைக்கோல் மஞ்சள், கபிலம், ஊதா, நீலம். விளிம்புக்கு வைக்கோல் மஞ்சள் வந்ததும், அதாவது 230 பாகை அளவில், தண்ணீரில் நனைத்து நிறுத்திவிடுங்கள். சிக்கியிருந்த காபனில் ஒரு பங்கு நுண்துகளாக வெளியேறி, கடினம் சற்றுக் குறைந்து உறுதி ஏறும். முதுகு நீலமாகவே நிற்கட்டும், அந்தப் பக்கம் வளைந்து கொடுப்பது நல்லது.

கடைசியாகத் தீட்டும்போது கிறைண்டரை நம்ப வேண்டாம், தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டுங்கள். விளிம்பில் ஒரு இடத்தில் நீலம் தெரிந்தாலும் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று அர்த்தம், நீலம் மட்டுமல்ல, அதற்கடியில் மென்மையான பகுதியும் போகும்வரை தேய்த்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் காந்தத்திலிருந்து தொடங்க வேண்டும்.